முதல் மான் ரைபிள், முதல் ரீலோடிங்: எந்தத் தோட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்கு முதல் ரைபிள் வாங்கப்போகிற, தோட்டாவையும் வீட்டிலேயே நிரப்பிப் பார்க்க ஆசைப்படுகிற நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. நான் இருப்பது பென்சில்வேனியாவில். இங்கே மான் சீசன் தொடங்கும் நாள் கிட்டத்தட்ட ஒரு பண்டிகை. 2018 வரை நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது. அதற்குப் பல பள்ளிகளில் விடுமுறைகூட விடுவார்கள். இப்போது சனிக்கிழமையே தொடங்கிவிடுகிறது. எனக்கு ரீலோடிங் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற லேத் பட்டறைக்காரர். கீழே வருவதில் நல்லதெல்லாம் அவருடையது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

.308 வின்செஸ்டர். சுடும்போது தோளில் விழும் உதை பிடிக்காது என்றால் 7 எம்.எம்.-08 ரெமிங்டன். அப்பா, மாமனார் யாராவது .30-06 ரைபிள் கொடுத்தால் பேசாமல் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டா, குண்டு, ரவை... எது எது?

இந்தப் பக்கத்தில் தோட்டா என்றால் முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீ மூட்டும் பிரைமர், உள்ளே வெடிமருந்து (இனி மருந்து), வாயில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். மிஞ்சுகிற பித்தளைக் கூட்டைத்தான் நாம் மறுபடி நிரப்புகிறோம். ஒரு கூடு பக்குவமாக நடத்தினால் ஐந்து முதல் பத்து முறை வரை தாங்கும். எடையெல்லாம் கிரெயின் கணக்கு. 7,000 கிரெயின் ஒரு பவுண்டு, ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். ரவை என்பது ஷாட்கன் சமாச்சாரம், இங்கே வராது.

வீட்டில் நிரப்பினால் காசு மிச்சமாகுமா?

மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் வேட்டைக்கான 20 தோட்டாப் பெட்டி தரத்தைப் பொறுத்து 30 முதல் 60 டாலர். கூடு கைவசம் இருந்தால், குண்டும் மருந்தும் பிரைமரும் சேர்ந்து ஒரு தோட்டாவுக்கு ஏறக்குறைய ஒரு டாலர் ஆகும். மிச்சம்தான். ஆனால் தொடக்கக் கருவிகளுக்கு 300 டாலருக்குக் குறையாமல் போகும். மானுக்கு மட்டும் சுடுகிறவர் ஆண்டுக்கு நாற்பது ஐம்பது தோட்டாதான் செலவழிப்பார். போட்ட பணம் திரும்ப வருவதற்குள் பல சீசன் ஓடிவிடும். சரி, பிறகு எதற்கு இந்த வேலை? உங்கள் குழலுக்குப் பிடித்த தோட்டாவை நீங்களே செய்யலாம், பிள்ளைக்கு உதை குறைவாகச் செய்து கொடுக்கலாம், கடை அலமாரி காலியாகக் கிடக்கும் ஆண்டிலும் கைவசம் தோட்டா இருக்கும். குளிர்கால இரவுகளில் மனத்துக்கு நல்ல வேலை என்பதும் உண்டு.

எல்லாத் தோட்டாவும் மானைக் கொல்லும் என்கிறார்களே, பிறகு எதற்கு இவ்வளவு யோசனை?

உண்மைதான். வளர்ந்த வெள்ளைவால் ஆண் மான் பெரும்பாலும் 60 முதல் 130 கிலோவுக்குள் இருக்கும். நெஞ்சுக்கூட்டில் சரியான இடத்தில் பட்டால் இந்தப் பக்கத்தில் வரும் எந்தத் தோட்டாவுக்கும் அது விழும். எது பட்டது என்று மானுக்குத் தெரியாது. தெரிவது உங்கள் ரீலோடிங் மேசைக்குத்தான். கடைக்காரர்கள் வேகத்தையும் தூரத்தையும் பற்றிப் பேசுவார்கள். கிழக்கு மாநிலக் காடுகளில் மான் விழுவது பெரும்பாலும் நூறு யார்டுக்குள். அங்கே வினாடிக்கு மேலதிக 200 அடி வேகத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. புதிதாக நிரப்பக் கற்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கூடு எளிதில் கிடைக்கிறதா? பல எடைகளில் குண்டு உண்டா? சோதித்து வெளியிட்ட அளவுப் பட்டியல் நிறைய உண்டா? சின்னச் சின்னக் கைப்பிசகை இந்தத் தோட்டா பொறுத்துக்கொள்ளுமா?

அந்தக் கணக்கில் .308 எப்படி முதலிடம் பிடிக்கிறது?

வின்செஸ்டர் நிறுவனம் இதை 1952-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் ராணுவ உடன்பிறப்பான 7.62×51-ஐ நேட்டோ 1954-இல் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை வேட்டைக்காரர், போட்டியில் சுடுபவர், காவல்துறை, ராணுவம் என்று எல்லோரும் இதைச் சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அதனால் கூட்டுக்குப் பஞ்சமில்லை. இதன் குண்டு .308 அங்குல விட்டம்; .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் எல்லாவற்றுக்கும் அதே விட்டம்தான். 110 கிரெயினிலிருந்து 200-க்கு மேல் வரை எந்த எடை கேட்டாலும் கிடைக்கும். 2020, 2021 தட்டுப்பாட்டின்போது பிரைமருக்காக ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்: ஒரு கம்பெனி குண்டு இல்லையென்றால் இன்னொன்று, ஒரு மருந்து இல்லையென்றால் இன்னொன்று. ஐ.எம்.ஆர். 4064, வார்கெட், எச். 4895 என்று இதற்குப் பொருந்தும் மருந்துகளின் வரிசை நீளம். எதுவும் அபூர்வச் சரக்கு இல்லை.

அடுத்தது, பெரியவர் எனக்கு முதலில் காட்டிய விஷயம். கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்புகிறவர்களுக்குப் பெரிய பயம், ஒரே கூட்டில் தவறி இரண்டு முறை மருந்து ஊற்றிவிடுவது. அந்த அளவு சிறியது, கூட்டுக்குள் மறைந்துகொள்ளும். .308-க்கான வழக்கமான ரைபிள் மருந்தோ கூட்டின் பாதிக்கு மேல் நிரப்பிவிடும். இரண்டாம் முறை ஊற்றினால் மேசையெல்லாம் வழியும், பிசகு கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்தக் குணம் .308-க்கு மட்டும் உரியதல்ல, இந்த வகை ரைபிள் தோட்டாக்கள் எல்லாவற்றுக்கும் பொது. ரீலோடிங்கை ரைபிளில் தொடங்குவது நல்லது என்று நான் சொல்ல இதுவே காரணம்.

கூடு குட்டையானதும் ஒரு வசதி. .308 கூட்டின் நீளம் 51 மி.மீ., .30-06 கூடு 63 மி.மீ. குட்டைக் கூடு என்றால் ரைபிளில் தோட்டாவை ஏற்றி இறக்கும் பகுதியான ஆக்‌ஷன் குட்டை, மருந்துச் செலவும் குறைவு. ஒரு பவுண்டு மருந்தில் .308 தோட்டா சுமார் 150 நிரப்பலாம். வேகத்தில் .30-06-ஐவிட 100 அடி முன்பின் குறையும். 150 கிரெயின் குண்டு .308-இலிருந்து வினாடிக்குச் சுமார் 2,800 அடி வேகத்தில் கிளம்பும், .30-06-இலிருந்து 2,900. அந்த நூறு அடிக்காக யாரும் மானைத் தவறவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

.30-06-ஐ ஏன் இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறீர்கள்? அதுதானே எல்லாவற்றுக்கும் ஏற்றது?

தள்ளவில்லை ஐயா. பெயரில் உள்ள 06 என்பது 1906. அமெரிக்க ராணுவம் அந்த ஆண்டு ஏற்று, இரண்டு உலகப் போர்களிலும் சுமந்த தோட்டா இது. 180 கிரெயினுக்கு மேற்பட்ட கனமான குண்டுகளை .308-ஐவிட நன்றாகத் தள்ளும். பின்னாளில் எல்க், மூஸ் என்ற பெரிய மான் வகைகளைத் தேடி மேற்கே போகிற எண்ணம் நிச்சயமாக இருந்தால் முதலிலேயே இதை வாங்கலாம். உதை கொஞ்சம் கூடுதல், மருந்து கொஞ்சம் கூடுதல், ரைபிள் கொஞ்சம் நீளம். அவ்வளவுதான். பழைய கடைகளில் நல்ல .30-06 ரைபிள்கள் மலிவாகவும் கிடைக்கின்றன. பேரப் பிள்ளைகள் புதுசு புதுசாகக் கேட்கிறார்கள், தாத்தாவின் ரைபிள் விற்பனைக்கு வந்துவிடுகிறது.

7 எம்.எம்.-08 என்பது என்ன? கடையில் அதிகம் பார்க்கவில்லையே.

.308 கூட்டின் கழுத்தை 7 எம்.எம். குண்டுக்கு ஏற்பக் குறுக்கினால் வருவது. ரெமிங்டன் 1980-இல் கொண்டுவந்தது. 140 கிரெயின் குண்டு, வினாடிக்குச் சுமார் 2,800 அடி, .308-ஐவிடக் குறைந்த உதை. மானுக்கு இதைவிடப் பாந்தமான தோட்டா இல்லை என்பது என் சொந்தக் கருத்து. அதை முதலிடத்தில் வைக்காததற்கு ஒரே காரணம், கூடும் கடைத் தோட்டாவும் .308 அளவுக்கு எங்கும் கிடைப்பதில்லை.

இதற்கு நம் பக்கத்தில் ஒரு பழைய உறவு இருக்கிறது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்த ரைபிள் .275 ரிக்பி. பெயர்தான் வேறு, தோட்டா 7×57 மவுசர். 7 எம்.எம்.-08 அதே விட்டக் குண்டை ஏறக்குறைய அதே வேகத்தில் அனுப்புகிறது. குமாவூன் மலைக்குப் போதுமாக இருந்தது பென்சில்வேனியாவுக்குப் போதாதா?

மகளுக்கு வாங்கப்போகிறேன். .243 சரிதானே?

பிள்ளைகளுக்கு .243 என்பது இங்கே பழமொழி மாதிரி ஆகிவிட்டது. 1955-இல் வந்தது, இதுவும் .308-இன் கூட்டில் பிறந்ததுதான், உதை மென்மை. நன்றாகச் சுடத் தெரிந்தவர் கையில் அருமையான மான் தோட்டா. எனக்குத் தயக்கம் இரண்டு. முதலாவது, குண்டு சிறியது, 100 கிரெயின் அளவில்தான். மான் சாய்வாக நிற்கும்போது தோள் எலும்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்றால் குண்டின் தரமும் பட்ட இடமும் துல்லியமாக இருக்க வேண்டும். முதல் சீசனில் படபடக்கும் பிள்ளையிடம் நாம் அதையா எதிர்பார்ப்பது? இரண்டாவது, சிறிய துளைக்குள் நிறைய மருந்து எரிவதால் குழலின் தொண்டை (குண்டு முதலில் நுழையும் இடம்) .308-ஐவிடச் சீக்கிரம் தேயும், கூடும் வேகமாக நீளும், அடிக்கடி வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். புதியவருக்குக் கூடுதல் வேலை.

என் யோசனை, 7 எம்.எம்.-08 வாங்கி, முதல் ஆண்டு குறைத்து நிரப்பிக் கொடுங்கள். குறைத்து நிரப்புவதற்கென்றே எச். 4895 மருந்துக்கு அதன் கம்பெனி வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. அதை மட்டும் பின்பற்ற வேண்டும். கையில் இருக்கும் ஏதோ ஒரு மருந்தை நீங்களாகக் குறைக்கக் கூடாது. மெதுவாக எரியும் சில மருந்துகளை அளவுக்கு மீறிக் குறைத்தால் அழுத்தம் இறங்குவதற்குப் பதில் எகிறும் ஆபத்து உண்டு. மகள் வளர வளரத் தோட்டாவும் வளரும், ரைபிள் மாற்ற வேண்டியதில்லை.

எல்லோரும் 6.5 கிரீட்மூர் என்கிறார்களே?

ஹார்னடி கம்பெனி 2007-இல் கொண்டுவந்தது, தொலைதூர இலக்குப் போட்டிக்காக. காற்றில் அலையாத நீண்ட குண்டு, அதற்கேற்ற முறுக்குள்ள குழல், மிதமான உதை. கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் இடமான தோளின் சரிவு 30 பாகை என்பதால் கூடு அதிகம் நீளாது. இந்தப் பட்டியலில் ரீலோடிங்கை மனத்தில் வைத்து வடிவமைத்தது போல இருப்பது இதுதான். புதியவருக்குத் தாராளமாகச் சொல்லலாம். குண்டும் கூடும் இப்போது எங்கும் கிடைக்கின்றன.

கவனிக்க வேண்டியது ஒன்று. இதன் கூடுகளில் பெரும்பாலானவை பெரிய ரைபிள் பிரைமர் எடுப்பவை, சில சிறிய பிரைமர் எடுப்பவை. இரண்டையும் கலந்துவிட்டால் மேசையில் திண்டாட்டம். .308-ஐ முன்னால் வைத்தது தடித்த குண்டின் மேல் எனக்குள்ள பழைய பாசம் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

.270 வின்செஸ்டர்?

1925 முதல் மான் விழுத்திக்கொண்டிருக்கிறது. .30-06 கூட்டுக் குடும்பம், 130 கிரெயின் குண்டு 3,000 அடிக்கு மேல், வளைவு குறைந்த பாதை. திறந்த வெளியில் மியூல் மான் தேடுபவருக்கு மிக நல்லது. அதன் குண்டு .277 அங்குலம், அந்த விட்டத்தில் தேர்வு .308 அளவுக்குப் பரந்ததில்லை.

லீவர் இழுக்கிற .30-30 மேல் ஆசை. அதையும் நிரப்பலாமா?

நிரப்பலாம், அழகான தோட்டா. 1895-இலிருந்து காட்டுக்குள் 150 யார்டு வரை இதற்கு நிகர் இல்லை என்று சொல்லும் கிழவர்கள் இங்கே ஊருக்கு நாலு பேர். ஆனால் அந்த ரைபிள்களில் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ள குண்டின் மூக்கு முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர் மூக்கு உலோகக் குண்டு போட்டுவிட்டு உதை வாங்கினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். தட்டை மூக்குக் குண்டு, அல்லது அந்த வகை ரைபிளுக்கென்றே செய்த ரப்பர் போன்ற முனையுள்ள குண்டு, இவை மட்டும்தான். அதோடு குண்டு உள்ளே நழுவாமல் இருக்கக் கூட்டின் வாயை மடக்கி இறுக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். இதை இரண்டாவது ரைபிளாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேக்னம் என்கிற, மருந்தும் வேகமும் கூடிய தோட்டாக்கள்?

மானுக்கு வேண்டாம். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கக் கற்றுக்கொடுக்கும், அந்தப் பழக்கம் பிறகு போகாது.

எங்கள் மாநிலத்தில் .308 செல்லாது என்கிறார்கள். உண்மையா?

இருக்கலாம், வாங்குமுன் பாருங்கள். ஓஹியோவில் மானுக்குக் கழுத்து குறுகிய ரைபிள் தோட்டா கூடாது. நேர்சுவர்க் கூடு கொண்டவை மட்டும், அதுவும் .357 முதல் .50 விட்டம் வரை. சமதளமான, வீடுகள் அடர்ந்த நிலத்தில் குண்டு வெகுதூரம் போகக் கூடாது என்பதால் வந்த ஏற்பாடு. 2014-இல்தான் அந்த அனுமதியே வந்தது, அதற்கு முன் பெரும்பாலும் ஷாட்கன்தான். அங்கே இருப்பவர்கள் 2019-இல் வந்த .350 லெஜண்டைப் பாருங்கள், உதை குறைவு. 1873-இல் அமெரிக்க ராணுவம் எடுத்த .45-70 கூட இந்தச் சட்டத்தால் மறுபடி இளமையாகிவிட்டது. நேர்சுவர்க் கூடு நிரப்புவதில் சில நுணுக்கங்கள் வேறு. .350 லெஜண்டின் கூட்டுவாய் விளிம்புதான் தோட்டாவைக் குழல் அறையில் நிறுத்துகிறது, எனவே வாயை உள்பக்கம் மடக்கிவிடக் கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 விட்டம், 70 கிரெயின் குண்டு, 100 யார்டில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும். பிள்ளைக்குக் குறைத்து நிரப்புகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணை மறந்துவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் ஈயக் குண்டால் வேட்டையாடவே கூடாது.

அப்படியானால் செம்புக் குண்டு எப்படி?

நன்றாகவே இருக்கும். ஈயத் துகள் இறைச்சியில் சிதறாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்பதால் நானே மாறிவிட்டேன். ஈயத்தைவிடச் செம்பு எடை குறைந்த உலோகம், அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், கூட்டுக்குள் அதிக இடம் பிடிக்கும். வழக்கமான எடைக்கு ஒரு படி கீழே எடுங்கள். 165 போடுபவர் 150, 150 போடுபவர் 130. முக்கியமாக, ஈயக் குண்டுக்கான மருந்தளவைச் செம்புக் குண்டுக்குப் போடாதீர்கள், எடை ஒன்றாக இருந்தாலும்.

.308-இல் மானுக்கு எந்த எடை? பிரீமியம் குண்டு அவசியமா?

150 அல்லது 165 கிரெயின். இரண்டில் எதைச் சுட்டால் உங்கள் ரைபிளில் இலக்குத் தாளில் ஓட்டைகள் நெருக்கமாக விழுகின்றனவோ அது. வெள்ளைவால் மானுக்குச் சாதாரண ஈயமூக்குக் குண்டே போதும். விலை உயர்ந்த குண்டுகள் பிறந்த கதை வேறு. ஜான் நாஸ்லர் 1946-இல் கனடாவில் ஒரு மூஸ் மேல் சுட்ட குண்டுகள் உள்ளே போகாமல் நொறுங்கின. அந்த எரிச்சலில், நடுவே தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டை உருவாக்கினார். மூஸ் 400 கிலோ விலங்கு. உங்கள் மானுக்கு அத்தனை கெட்டியான குண்டு தேவையில்லை. சில சமயம் விரியாமலே ஊடுருவிப் போய்விடும்.

மைதானத்தில் கிடக்கும் கூடுகளைப் பொறுக்கி நிரப்பலாமா?

ஆசை காட்டும், தெரியும். நான் முதல் ஆண்டு ஒரு வாளி நிறையப் பொறுக்கினேன். எத்தனை முறை சுட்டது, எந்த ரைபிளில் சுட்டது, எதுவும் தெரியாது. .308-இல் கூடுதல் சிக்கல், ராணுவக் கூடுகள் கலந்திருக்கும். அவற்றின் சுவர் தடிமன் அதிகம், உள்ளே இடம் குறைவு. அதே மருந்தளவு அங்கே கூடுதல் அழுத்தம் தரும். பிரைமரையும் சுற்றிலும் இறுக்கியிருப்பார்கள், அந்த விளிம்பைச் சுரண்டி எடுக்காமல் புதியது உட்காராது. முதல் ஆண்டு 100 புதிய கூடு வாங்குங்கள், அல்லது கடைத் தோட்டாவை உங்கள் ரைபிளிலேயே சுட்டு, அந்தக் கூடுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, எத்தனையாவது முறை என்று ஒரு சீட்டு.

பழைய கூட்டின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால் தூக்கி எறியுங்கள். கூடு அங்கேதான் இரண்டாகப் பிரியும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து உள்ளே விட்டுச் சுரண்டினால் பள்ளம் கையில் தட்டும்.

மருந்து எத்தனை கிரெயின் போட வேண்டும்? ஒரு எண் சொல்லுங்களேன்.

சொல்லமாட்டேன். நான் மட்டுமில்லை, இணையத்தில் யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். மருந்துக் கம்பெனிகளும் குண்டுக் கம்பெனிகளும் ஆய்வுக்கூடத்தில் அழுத்தம் அளந்து வெளியிட்ட கையேடும் தளமும் இருக்கின்றன. இரண்டு இடத்தில் ஒப்பிட்டு, தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, சிறிது சிறிதாக ஏறுங்கள். ரைபிளின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைத் தூக்கக் கனக்கிறதா, பிரைமர் தட்டையாகிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த அறிகுறி தெரியும்போது பெரும்பாலும் எல்லை தாண்டியிருப்பீர்கள். .308-இன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். மருந்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு மருந்து: ஐ.எம்.ஆர். 4350-உம் எச். 4350-உம் ஒன்றல்ல. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும்.

என்னென்ன கருவி வாங்க வேண்டும்?

ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் ஒற்றை நிலை பிரஸ், தராசு, உங்கள் தோட்டாவுக்கான டை செட் (கூட்டை அளவுக்குக் கொண்டுவந்து குண்டைப் பொருத்தும் அச்சுகள்), கூட்டின் அடியைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டர், நீளம் அளக்கும் காலிப்பர், கூட்டை வெட்டும் டிரிம்மர், மசகு, புனல், அச்சிட்ட கையேடு. எண்ணெய்ப் பிசுக்கில்லாத மேசை. பல தட்டுச் சுற்றும் வேக பிரஸ் இப்போது வேண்டாம்.

ஒரு சந்தோஷமான செய்தி: .308, .243, 7 எம்.எம்.-08, .30-06, .270, 6.5 கிரீட்மூர் எல்லாவற்றுக்கும் கூட்டின் அடிப்பாகம் ஒரே அளவு, .473 அங்குலம். ஷெல் ஹோல்டர் ஒன்றே போதும். பிறகு ரைபிள் சேர்ந்தால் டை மட்டும் வாங்கினால் போதும். சேரும், சேராது என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லோருக்கும் சேர்ந்திருக்கிறது.

மசகில் சிக்கனம் பிடிக்காதீர்கள். முதல் வாரம் நான் அரைகுறையாகத் தடவிய கூடு டைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. வலித்து இழுத்ததில் அடி விளிம்பு பிய்ந்துவந்தது, கூடு உள்ளேயே நின்றுவிட்டது. பெரியவர் சிரிக்காமல் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட்டை முறுக்கி எடுத்துக் கொடுத்தார். சிக்கிய கூட்டை எடுக்கும் சின்னக் கருவி ஒன்று கடையில் விற்கிறது, அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அதிகமாகத் தடவினால் கூட்டின் தோளில் சின்னக் குழி விழும். அது பார்க்க அசிங்கம், அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கை கழுவுங்கள். பிரைமர்ப் புகைக்கரியில் ஈயம் உண்டு. மேசையருகே டீ டம்ளர் வைக்காதீர்கள்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். எனக்கும் இது முடியுமா?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். நிரப்பிய ஒற்றைத் தோட்டாவும் இதில் சேரும், பிரைமரும் மருந்தும் கூடச் சேரும். விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம் கையில் இருப்பது. அது காலாவதியானால் விலக்கும் போய்விடும். பச்சை அட்டை வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி. கடைக்காரர் பேச்சையோ என் பேச்சையோ நம்பாமல் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுங்கள். குடியேற்ற விஷயத்தில் இந்தப் பிசகுக்கு மன்னிப்பு இல்லை.

சொந்த உபயோகத்துக்கு நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்தால் தேவை. நண்பருக்கு நிரப்பிக் கொடுப்பதும் வேண்டாம். அவர் ரைபிளின் குழல் அறை உங்களுடையதைப் போல இருக்காது.

ஊருக்கு வரும்போது இந்த ரைபிளை...?

வேண்டவே வேண்டாம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டைக்குத் தடை. உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். விமான நிலையங்களில் பைக்குள் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காகக் கைதானவர்கள் இருக்கிறார்கள். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை எந்தக் காலத்திலும் பயணப் பையாக்காதீர்கள்.

இப்போது வாங்கினால் இந்த சீசனுக்கே என் தோட்டாவால் சுட முடியுமா?

கோடையில் கேட்டால் முடியும் என்பேன். அக்டோபரில் கேட்டால், இந்த ஆண்டு கடைத் தோட்டா இரண்டு மூன்று பெட்டி வாங்குங்கள். ஒன்றரைப் பெட்டியை மைதானத்தில் 100 யார்டில் சுட்டுப் பழகுங்கள், மீதியைக் காட்டுக்கு எடுத்துப் போங்கள், கூடு ஒன்றைக்கூட விடாமல் எடுத்து வையுங்கள். ஜனவரியில் பனி கொட்டும்போது உங்கள் ரைபிளிலேயே சுட்ட முப்பது சொச்சம் கூடு தயாராக இருக்கும். பிரஸ்ஸை அப்போது மேசையில் பூட்டிக்கொள்ளலாம்.